பூங்கோதையின் பின்நடை

என் மகள் பூங்கோதை நெடுஞ்சாலையில் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருக்கிறாள் என்ற சேதியை, ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கொண்டுவந்தவர் பாலக்காட்டுப் பக்கம் சிமெண்டு லாரி ஓட்டும் குழந்தைசாமி. வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சொல்வதைப் போலத்தான் அவர் அதைச் சொன்னார்.

"ஏனுங்கக்கா, உங்க புள்ளைய கஞ்சிக்கோட்டுல பாத்தனுங்க. ரோட்டோரமா பொறவாட்டு நடந்து வருது. எங்க கண்ணு போறேன்னு கேட்டேன். 'வேல முடிஞ்சு வூட்டுக்குள்ள நொழையப் போனேங்கண்ணா, எங்கம்மா பட்டறையில சுத்தி அடிக்கிறாங்க, அதான் வந்துட்டு இருக்கேன்'னுச்சு."

நான் பாலை இறக்கினேன். மூன்று வருஷமாக அவள் எந்தத் திசையில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாமல் இருந்த எனக்கு, முதலில் தோன்றியது அவள் சாப்பிட்டிருப்பாளா என்பதுதான். இரண்டாவதாகத் தோன்றியது, பின்பக்கமாக நடந்தால் செருப்பின் குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்பது.

சங்ககிரியில் லாரிகளுக்கும் வேன்களுக்கும் டிங்கரிங் செய்கிற பட்டறை எங்களுடையது. என் வீட்டுக்காரர் மாரப்பன் நசுங்கிய தகட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர், அவருக்கு அடுத்தபடி கெட்டிக்காரி பூங்கோதை. பள்ளம் எடுக்க நாங்கள் புழங்குவது ஸ்லைடு சுத்தி: ஒரு முழத்துக்கு மேல் நீளமான கம்பி, அதன் ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் தடுப்பு, நடுவில் கம்பியில் கோத்தபடி முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புக் குண்டு. பள்ளத்தில் ஒரு வாஷரைப் பற்றவைத்துக் கொக்கியை மாட்டி, குண்டைத் தன் பக்கம் விசையாக இழுத்தால் அது தடுப்பில் போய் இடிக்கும், அந்த இடியில் தகடு ஒரு நூல் அளவு வெளியே வரும். சுத்தியில் மூன்று அளவு உண்டு. கார் கதவின் மெல்லிய தகட்டுக்குச் சின்னது, லாரி கேபினுக்கு நடுத்தரம், உள்ளே இறுகிப்போன அச்சை உருவுவதற்குப் பெரியது. எந்தத் தகட்டுக்கு எந்தச் சுத்தி என்று தெரிந்தவள்தான் பூங்கோதை, ஆனாலும் ஒருநாள் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தபடியே குண்டை இழுத்தாள், குண்டுக்கும் தடுப்புக்கும் நடுவில் அவளுடைய இடது மோதிரவிரல் மாட்டி நுனி போய்விட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தட்டைப் பார்க்காமல் விரலைப் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு நான் சொன்ன வார்த்தையை எழுதவே கை கூசுகிறது. "இந்த மூளி விரலோட உன்ன எவன்டி கட்டுவான், எங்கியாச்சும் போய்த் தொல" என்றேன். அவள் பையை எடுத்தாள். வாசலைத் தாண்டும்போது, போகாதே என்று சொல்லத் தெரியாமல், கைக்குக் கிடைத்த பெரிய ஸ்பேனரை அவள் பின்னால் விட்டெறிந்தேன். அது அவள்மேல் படாமல் எங்கள் பழைய வேனின் கதவில் பட்டது. கதவில் ஒரு குழி விழுந்தது. அவள் அன்றைக்கு என்னைவிட்டுப் போனாள், குழி மட்டும் நின்றது.

ஊரெல்லாம் நசுங்கியதை நிமிர்த்துகிற மாரப்பன் அந்தக் குழியைத் தொடவில்லை. மூன்று வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை தாங்க முடியாமல் நானே வாஷரைப் பற்றவைத்தேன். அவர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

"பெரிய சுத்திய எடுத்திருக்கிறயே புள்ள, அது அச்சு உருவறது. இந்த மெல்லிசுத் தகட்டுக்குச் சின்னது போதுமே."

"சின்னதுல என்னைக்கு எடுத்து முடிக்கிறதுங்க?"

"நடுக்குழியில போடாத. ஓரத்துலேர்ந்து வா. ஓரம் எளகினா நடு தன்னால வரும்."

நான் கேட்கவில்லை. ஆழம் எங்கே அதிகமோ அங்கேதான் வலி என்று எனக்குத் தோன்றியது, அங்கேதான் வாஷரை வைத்தேன். அவர் எழுந்து வந்து என் முந்தானையை இழுத்துச் சொருகிவிட்டார், கண்ணாடியை மாட்டிவிட்டார், கையைக் குண்டின் நடுப்பள்ளத்தில் மட்டும் வைக்கச் சொன்னார், கம்பிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நகர்த்தி நிறுத்தினார். பிறகு டீயை முடிக்காமலே உள்ளே போய்விட்டார். நான் அன்று ஆயிரம் அடி அடித்திருப்பேன். குழி ஒரு நூல்கூட வரவில்லை. மறுநாள்தான் குழந்தைசாமி வந்தார்.

ஓர் அடிக்கு ஓர் எட்டு என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. நான் அடித்தால் அவள் ஓர் எட்டு பின்னால் வைப்பாள், நான் நிறுத்தினால் அவளும் நிற்பாள். நின்ற இடத்தில் உட்காரலாம், படுக்கலாம், சாப்பிடலாம், பேசலாம், முன்னால் மட்டும் ஓர் எட்டு வைக்க முடியாது. முகம் எப்போதும் மேற்கே, அவள் விட்டுவந்த திசையிலேயே இருந்தது. நான் காலை ஆறு மணிக்குப் பட்டறையைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குவேன். அவள் அந்த நேரத்துக்கு எழுந்து முகம் கழுவியிருப்பாளோ மாட்டாளோ என்ற கவலையில் முதல் பத்து அடிகளை மெதுவாக அடிப்பேன், தூங்குகிறவளைத் தட்டி எழுப்புவதைப் போல.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். லாரி சங்க ஆபீசில் எந்த ஊருக்கு என்ன லோடு என்று சாக்கட்டியில் எழுதுகிற பலகையின் மேல் மூலையில் 'பூங்கோதை' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் தினமும் அவள் நிற்கிற ஊரின் பெயரை எழுதினார்கள். வாளையார், க.க. சாவடி, மதுக்கரை என்று அவள் வந்தாள். டிரைவர்கள் அவளுக்கு ஒரு பெரிய ஹாரன் அடித்துவிட்டுத்தான் தாண்டினார்கள். அவளுக்கு முதுகில் கண் இல்லையே என்று சங்கத்தார் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். சாலையோரத்து வீடுகளில் பெண்கள் சொம்பில் தண்ணீர் வைத்தார்கள், நாய்களைக் கட்டிப்போட்டார்கள், வழியில் கல் கிடந்தால் எடுத்துப் போட்டார்கள். அவிநாசியில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி, "பள்ளம் இருக்குதும்மா, கொஞ்சம் எடது பக்கம்" என்று நூறு எட்டு கூடவே நடந்து விட்டுவிட்டுப் போனாராம். பின்பக்கமாக நடக்கிற பெண்ணைப் பற்றி யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது வந்து சேரும் என்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வந்ததெல்லாம் வண்டிகளாக இல்லை. கோபத்தில் உதைத்த பீரோக் கதவுகள், வீசியெறிந்த குத்துப்போணிப் பாத்திரங்கள், ஒரு சைக்கிள் மட்கார்டு, ஒரு எவர்சில்வர் தூக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு குழி, ஒவ்வொரு குழிக்கும் போய்விட்ட ஓர் ஆள். மாரப்பன் எதையும் வாங்கவில்லை. "நான் வண்டி வேல பாக்கறவன், சாமி. மனுசன இழுக்கறதுக்கு என்கிட்ட அளவு இல்ல" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். ஆனால் எதிர் டீக்கடை நல்லாயி அக்கா அவர் இல்லாத நேரத்தில் நடுத்தரச் சுத்தியை இரவல் வாங்கிப் போய்விட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன வீட்டுக்காரரின் மேல் அவர் எறிந்த டீ பாய்லர் மூடியில் கொக்கியை மாட்டினார். பவானியில் இருந்தாராம் மனிதர். இருபது நாளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் குமாரபாளையம் வரைக்கும் பின்னாலேயே வந்தார், அவருடைய வழுக்கையைப் பார்த்ததாக நான்கு பேர் சொன்னார்கள். இருபத்தோராம் நாள் அக்கா அவசரத்தில் ஓங்கி இழுத்ததில் மூடித் தகடு கிழிந்து வாஷர் பிய்த்துக்கொண்டு பறந்தது, கம்பிக்கு நேராக நின்றிருந்த அக்காவின் புருவத்தில் நாலு தையல். வீட்டுக்காரர் குமாரபாளையத்தில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வரவும் முடியவில்லை, பவானிக்குத் திரும்பவும் முடியவில்லை. இப்போது அங்கேயே இளநீர் வெட்டி விற்கிறார்.

"இந்தா, இருவது நாளு அடிச்சதுக்கு எளநி குடிக்க ஒரு எடமாச்சு" என்று நல்லாயி அக்கா சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் பயந்துபோனேன். கிழிந்துவிடுமோ, கிழிந்துவிடுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வாஷரைத் தொட்டுப் பார்த்தேன், கம்பிக்கு எண்ணெய் விட்டேன், தடுப்பின் மரையை இறுக்கினேன், கையுறையின் நுனி மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆனால் நிறுத்தவில்லை. அவள் வருகிறாள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது, எதைவிட்டு வருகிறாள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அதையும் குழந்தைசாமிதான் சொன்னார், கார்த்திகையில். சொல்ல வேண்டாம் என்று வண்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஏனுங்கக்கா, அதுக்கு எதுத்தாப்புல ஒருத்தர் நடந்து வந்துட்டு இருந்தாருங்க. கஞ்சிக்கோட்டுலேர்ந்தே. இது பொறவாட்டு வருது, அவரு முன்னால பாத்து வர்றாரு, ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசிக்கிட்டே. கையில டிபன் தூக்கு. வேலாயுதன்னு பேரு, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவராம். கலியாணம் ஆகி ரெண்டு வருசமாச்சாமுங்க."

"இப்ப?"

"அவிநாசி வரைக்கும் வந்தாருங்க. அவங்கம்மா இப்பப் படுத்த படுக்கையாம், மருந்து ஊட்ட ஆளில்ல. நேத்துத் திரும்பிப் போய்ட்டாரு. போறப்பத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாரு. உங்க புள்ளதான் அவரு கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்துட்டு நின்னுச்சு. அதுக்குத் திரும்ப வேண்டிய வேல இல்லீங்களே."

அன்றைக்கு நான் அடிக்கவில்லை. மறுநாள் அடித்தேன். அடுத்த நாளும் அடித்தேன். மகளைப் பெற்றவள் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் என்ன குற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தை பிறக்கிற வரைக்கும் அடித்தேன். பலகையில் 'பெருந்துறை' என்று எழுதினார்கள். சங்ககிரி முழுக்கப் பேச்சாகிவிட்டது. வளைவு கட்ட மூங்கில் வந்து இறங்கியது, பின்னால் வருகிறவளுக்கு முன்னால் எழுதி வைத்தால் எப்படிப் படிப்பாள் என்று சண்டை போட்டு, வரவேற்பு பேனரை இரண்டு பக்கமும் அச்சடித்தார்கள்.

மாரப்பன் மட்டும் மூங்கிலைத் தொடவில்லை. ஒருநாள் குண்டை இழுக்கப்போன என் கையைப் பிடித்தார்.

"ஏம்புள்ள, வூட்டுக்குள்ள வந்துட்டாலும் அவ மேக்குச் செவுத்தப் பாத்துட்டுத்தான் நிப்பா. அதுக்கு என்ன பண்ணுவ? செவுத்த இடிப்பியா?"

நான் கையுறையைக் கழற்றினேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டு, குதிகாலுக்கு விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு, காஸ் மூடினேனா என்று இரண்டுமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பெருந்துறைக்கு பஸ் ஏறினேன்.

பைபாஸில் ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் அவள் முதுகு தெரிந்தது. மினுங்குச் சட்டை வெயிலில் வெளுத்திருந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். கறுத்து, இளைத்து, உதடு வெடித்து, ஆனாலும் என் மகள்தான்.

"அம்மா" என்றாள். சிரித்தாள். "நீ இங்க வந்துட்டா அங்க யாரு அடிக்கிறது?"

"ஆரும் இல்ல கண்ணு."

"அதான் காலைலேர்ந்து நிக்கிறேன். லீவு போலன்னு நெனச்சேன்."

உட்காரவைத்து ஊட்டினேன். வாய் வாங்கியது, கண் மட்டும் என் தோளைத் தாண்டித் தாண்டிப் போனது. வேண்டுமென்று இல்லை, அவளால் முடியவில்லை, என்னைப் பார்க்கத்தான் முயற்சி செய்தாள். அவளுடைய காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தடவினேன், குதிகால் இரண்டும் பழைய ரப்பரைப் போலப் பிளந்திருந்தன.

"கலியாணம் ஆனத ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேம்மா. இழுத்துட்ட." பிறகு கேட்டாள். "பெரிய சுத்தியில போட்டியா?"

"ம்."

"நடுவுல வெச்சியா?"

நான் எண்ணெய் பாட்டிலை மூடினேன்.

"அப்பா சொல்லியிருப்பாரே, ஓரத்துலேர்ந்து வான்னு. நல்லாருக்கியான்னு ஒரு காயிதம் போட்டிருந்தா, பஸ் ஏறி நேரா வந்திருப்பேம்மா. அவரையும் கூட்டிட்டு."

பாட்டிலை ஓரமாக வைத்தேன். பிறகு, "வாஷர வெட்டி உட்டறட்டுமா சாமி?" என்றேன்.

"இழுவையில இருக்கறத வெட்டக் கூடாதும்மா. வெட்டினா நல்லாயக்கா வூட்டுக்காரராட்டம் நான் இங்கியே நின்னுக்குவேன். பஞ்சர் ஒட்டிப் பொழைக்கலாம், அவ்வளவுதான்." சிரிக்கப் பார்த்து, விட்டுவிட்டாள். "குண்ட உன் பக்கம் இழுக்காம கதவுப் பக்கம் தள்ளி அடிச்சா நான் முன்னால நடப்பேன். ஆனா இழுத்த கைதான் தள்ளணும். இழுத்த அத்தனையும் தள்ளணும்."

"தள்ளட்டுமா?"

அவள் என்னைப் பார்க்க முயற்சி செய்தாள். பிறகு மேற்கே பார்த்துக்கொண்டு, "உனக்குத் தோள் வலிக்குமேம்மா" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் குண்டைக் கதவுப் பக்கம் தள்ளி அடித்தேன். அது வேறு சத்தம். இழுக்கும்போது மணியைப் போல இருந்தது, தள்ளும்போது நெல் மூட்டையை இறக்குகிற சத்தமாக இருந்தது. ஊர் கூடிவிட்டது. மூங்கில் கொண்டுவந்தவர்கள், பேனர் அடித்தவர்கள், கல்லைப் பொறுக்கிப் போட்டவர்கள் எல்லோரும் வாசலில் நின்று கத்தினார்கள்.

"பெத்தவளே புள்ளயத் தொரத்தி அடிக்கிறாளே!"

"இன்னும் எம்பது நாளுல வந்துருமே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

நல்லாயி அக்காதான் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டு, "அவளவளுக்கு அவளவ குழி, போங்கப்பா" என்று எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

பலகையில் கொஞ்சநாள் எழுதினார்கள். வருகிறவளுக்கு இருந்த ஊர் போகிறவளுக்கு இல்லை. அவிநாசிக்குப் பிறகு அந்த மூலையில் டயர் கடை விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். வழியில் சொம்புத் தண்ணீர் வைப்பது நின்றுபோயிற்று. குழந்தைசாமி மட்டும் அவளைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், முகம் தெளிஞ்சிருக்குதுங்க, நடை வேகமா இருக்குதுங்க என்று. அவள் நடை வேகமாகத்தான் இருந்திருக்கும். என் கைதான் மெதுவாகிவிட்டது. ஆயிரம் ஐந்நூறாயிற்று, ஐந்நூறு முந்நூறாயிற்று. சித்திரையில் காய்ச்சல் என்று மூன்று நாள் பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அந்த மூன்று நாளும் அவள் கோவை பைபாஸில், மரம் ஒன்றுகூட இல்லாத சுங்கச்சாவடி வெயிலில் நின்றிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையோ என்னவோ" என்று போகிற வருகிற டிரைவர்களிடம் விசாரித்தாளாம். நான் எழுந்து அன்று கை புண்ணாகிற வரைக்கும் அடித்தேன்.

மாரப்பன் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார். அவர் அடிக்க முடியாது, இழுத்த கை அவருடையது இல்லை. ஒவ்வொரு நூறுக்கும் என் தோளைப் பிடித்துவிட்டார். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, இன்னொரு ஆனியும் போயிற்று. இழுத்ததை எல்லாம் தள்ளித் தள்ளி, வளர்த்தவளை ஓர் எட்டு, ஓர் எட்டு, இன்னும் ஓர் எட்டு என்று எனக்கு எட்டாத தூரத்துக்கு நானே நடத்திக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை குழந்தைசாமி கஞ்சிக்கோட்டிலிருந்து போன் செய்தார். மாரப்பன் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, வூட்டு வாசலுக்கு வந்துருச்சுங்க. இன்னும் ஒரு பத்து எட்டு இருக்கும். அடிங்க, நான் சொல்றேன்."

அடித்தேன். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டைத் தாண்டியாயிற்று. துளசிச் செடியைத் தாண்டியாயிற்று. படி ஏறியாயிற்று. அந்தப் பையன் வேலாயுதன் உள்ளேயிருந்து ஓடி வந்து நிலைப்படிக்கு அந்தப்பக்கம் நிற்கிறான்.

"நிறுத்துங்க. ஒண்ணே ஒண்ணுங்கக்கா. நெலப்படிக்கு இந்தப்பக்கம் நிக்குது."

நான் குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூங்கோதை அவசரப்படுத்தவில்லை. அவளுக்குத் தெரியும், இந்த ஓர் அடிக்குப் பிறகு அவளுக்கும் எனக்கும் நடுவில் கம்பி இல்லை, கொக்கி இல்லை, நான் நினைத்தால் அவள் அசைகிற ஒரு சாமான் உலகத்தில் இல்லை.

அடித்தேன்.

வாஷர் தானாக விட்டுக்கொண்டு தரையில் விழுந்து உருண்டது.

"உள்ள போயிருச்சுங்கக்கா" என்றார் குழந்தைசாமி.

"கதவு?"

"சாத்திக்கிட்டாங்க."

"அங்க மழைங்களா?"

"ஆமாங்க. நல்ல சாரல். எம்மேலெல்லாம் வீசுது."

"அப்பச் சாத்தத்தான் வேணும்" என்றேன். "வூடெல்லாம் நனைஞ்சு போயிருமில்லீங்க."